நாற்பத்தொரு கடைசி நாட்கள்

தருவைக்கரையில் அந்த வருஷம் ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்துப் பாத்திகளெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே தண்ணீர்க்காடாகி, வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டு, இனி மூன்று மாதத்துக்கு வேலையும் இல்லை கூலியும் இல்லை என்று ஆணும் பெண்ணும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்த நாலாம் நாள், செல்போனுக்கு வந்த ஒரு செய்தி ஆளாக நடந்து வந்து ஜெபமணியின் வீட்டு வாசலில் நின்றது.

போன் ஒருமுறை கிணுங்கியது. அடுப்படியில் இருந்த ஜெபமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுப்பதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளிர்நீலச் சட்டை, கறுப்புப் பை, கழுத்தில் தொங்கும் அட்டை, அட்டையில் ஏதோ ஒரு பேங்கின் பெயர், அந்தப் பெயரை எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை. மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தும் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை, செருப்பில் ஒரு பொட்டுச் சகதியில்லை. அவர் கை கூப்பி, "அன்பான வாடிக்கையாளரே, தங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கடன் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுள்ளது. இன்றே கடைசி நாள்" என்றார். ஜெபமணி, "நனையாதிய, உள்ள வாங்க" என்று சொல்லி நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் போன் உள்ள வீடுகளிலெல்லாம் ஒரு நீலச்சட்டைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு போன் உள்ள வீட்டில் இரண்டு பேர். பலசரக்குக் கடை சுடலைமுத்துவின் போனில் இரண்டு சிம் இருந்ததால் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ஒரே வாக்கியத்தை மாறி மாறிச் சொன்னார்கள். ஊரில் நாற்காலித் தட்டுப்பாடு வந்தது. மழையில் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வாடகைப் பாத்திரக் கடைக்காரருக்கு அது நல்ல யோகமாகப் போயிற்று, நூற்றுப்பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளும் வாடகைக்குப் போயின.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. பெண்கள் வீடு கூட்டும்போது அவர்கள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டினார்கள், சேலை மாற்றும்போது நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள், தெருப் பூனைகள் அந்த நாற்காலிகளின் அடியில் போய் மழைக்கு ஒண்டிக்கொண்டன. கோயில் கொடைக் கமிட்டியில் இவர்களுக்கும் தலைக்கட்டு வரி போடலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, தலைக்கு எவ்வளவு என்பதில் தகராறாகி நின்றுபோனது. மாதா கோயில் உபதேசியார், ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களும் வருவதானால் பின்பக்கம் தனியாக ஒரு பெஞ்சு போட்டுவிடலாம் என்றார். எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. தருவைக்கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் வாரம் இரண்டு தடவை லாரியில் வரும், குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை வாசலுக்கு வந்த ஆளுக்கு முதலில் ஒரு செம்பு கொடுத்துவிட வேண்டும் என்பதும், வாங்கிக் குடித்தவரிடம் அதற்குப் பிறகு ஊர் பேர் விசாரிக்கக் கூடாது என்பதும் அங்கே உள்ள வழக்கம். குடித்த பிறகு விசாரிப்பது கொடுத்த தண்ணீரைத் திருப்பிக் கேட்பதற்குச் சமானம். நீலச்சட்டைக்காரர்கள் சோறு வேண்டாம் என்றார்கள், காப்பி வேண்டாம் என்றார்கள், தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடித்தார்கள். குடித்துவிட்டதால் அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியவில்லை.

முதலில் மாட்டியவன் லோடுமேன் காசிராஜன். அஞ்சு லட்சம் வருவதற்கு முன்னால் ஃபைல் செலவுக்கு மூவாயிரம் கட்டச் சொன்னார் அவன் வீட்டு ஆள். கட்டினான். அப்புறம் வரி என்றார், அப்புறம் இன்சூரன்ஸ் என்றார், அப்புறம் கட்டியதையெல்லாம் திருப்பித் தருவதற்கு ஒரு கட்டணம் என்றார். நாலாம் தடவை பணம் போய்ச் சேர்ந்த கையோடு அவர் எழுந்து, பையின் ஜிப்பை இழுத்து மூடி, உப்பளத்துப் பெரிய வரப்பின் மேல் நடந்து போனார். முதல் பாத்தி தாண்டும்வரை முழு ஆளாகத் தெரிந்தார், இரண்டாம் பாத்தியில் சட்டை மட்டும் தெரிந்தது, மூன்றாம் பாத்தியில் வரப்புதான் இருந்தது.

பேச்சிக்கனியிடம் அவள் வீட்டு ஆள் பணமே கேட்கவில்லை. அவளுடைய போனில் நீலமாக அடிக்கோடு போட்ட ஒரு வரியைக் காட்டி, இதைத் தொடுங்கள், இங்கே சம்மதம் என்று அமுக்குங்கள் என்றார், அவ்வளவுதான். அவள் தொட்டதும் அந்தப் போனில் இருந்த பெயர்களெல்லாம், அம்மா வீடு, நாத்தனார், வளைகாப்புக்கு மட்டும் பேசுகிற ஒன்றுவிட்ட சித்தி வரைக்கும், வலையிலிருந்து கூடைக்குச் சரியும் சாளைமீன் மாதிரி வரிசையாக அவர் பைக்குள் போய் விழுந்தன. மூன்றாம் நாள் கோவில்பட்டி வரைக்கும் உள்ள அவள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு நீலச்சட்டை நின்று, பேச்சிக்கனியின் போட்டோவைத் தூக்கிக் காட்டி, இவள் கடன் வாங்கி ஏமாற்றியவள் என்றது. அவள் வாங்கியது ஒரு செம்புக் காசு கிடையாது. எடைமேடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற செல்லையாவோ, போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை வாய்விட்டுச் சொன்னார், ஆறாவது இலக்கத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் பென்ஷன் பணம் முழுக்கப் போய்விட்டது.

இதற்கு மேல்தான் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் தவசிமுத்து எல்லாரையும் உப்புக் குடோனுக்கு வரச் சொன்னார். அறுபது வயது, பெண்சாதி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம், மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை.

"ஏ, நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றார். "நாம போயி நூறு கையெழுத்துப் போட்டு நின்னாலும் பேங்குக்காரன் நாளைக்கு வா, அந்தப் பேப்பரக் கொண்டா, இந்தப் பேப்பரக் கொண்டான்னுதான் சொல்லுவான். இவன் நாம கேக்கதுக்கு முன்னயே சரின்னுட்டு வந்து நிக்கான். சரி, குடுக்க வந்தவன் எதுக்குடே நம்மகிட்ட மொத வாங்குதான்? அஞ்சு லட்சம் குடுக்கவனுக்கு அந்த மூவாயிரத்தக் கழிச்சுக்கிட்டுக் குடுக்கத் தெரியாதா?"

"அது எங்களுக்கும் தோணத்தான் செஞ்சுது அண்ணாச்சி" என்றாள் ஜெபமணி. "தண்ணி குடிச்ச ஆளுகிட்ட எப்படிக் கேக்கது?"

"தண்ணி குடுத்தது தப்பில்ல. கேக்காம விட்டம் பாரு, அதான் தப்பு. அவனுவளுக்கு அது தெரிஞ்சிருக்கு, அதான் சோத்த வேண்டாம்னுட்டுத் தண்ணியக் குடிக்கான்."

சொன்னதோடு நிற்காமல் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஜெபமணியின் வீட்டுக்கே போனார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, ஊர் வழக்கத்தை ஊர் முன்னாலேயே உடைத்து, "ஒங்க ஆபீசு எந்த ஊரு? எந்தத் தெரு? நாளைக்கு வந்தா ஒங்களப் பாக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த மனிதர் வாயைத் திறந்தார். வெகுநேரம் திறந்தபடியே இருந்தது, உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. கடைசியில், "இன்றே கடைசி நாள்" என்றார். கூட்டத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்றைக்கே முடிவாயிற்று. அவரவர் ஆளிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியது, நீல வரியைத் தொடக் கூடாது, ஆறு இலக்க எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லக் கூடாது, பணம் போனவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தவசிமுத்து தன் கையாலேயே குடோன் சுவரில் கரிக்கட்டையால் ஆளுயரத்துக்கு எழுதினார். வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் நீலச்சட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். சனிக்கிழமைக்குள் எல்லாரையும் அனுப்பிவிட்டதாக எல்லாரும் சொன்னார்கள்.

சண்முகக்கனி மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அனுப்பவும் இல்லை.

சண்முகக்கனிக்கு நாற்பத்தொன்பது வயது. முப்பது வருஷமாக உப்புப் பெட்டி சுமந்து உச்சந்தலை மரத்துப்போனவள். புருஷன் கொம்பையா இறந்து ஒன்பது வருஷம், பிள்ளை கிடையாது, கூடப்பிறந்த தம்பி பம்பாய்ப் பக்கம் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான், பொங்கலுக்கு ஒரு போன் வரும். வேலை நடக்கிற ஒன்பது மாதமும் அவளுக்குத் தனியாக இருக்கிறோம் என்பதே தெரியாது. விடிவதற்கு முன்னால் நாற்பது பெண்களோடு அளத்துக்குப் போய், அவர்கள் பேச்சிலும் சண்டையிலும் ஏச்சிலும் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து விழுந்தால் தூக்கம்தான். மழைக்காலம்தான் அவளுக்கு ஆகாது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். போன வருஷம் ஒருநாள் தீப்பெட்டி வாங்கச் சுடலைமுத்து கடைக்குப் போனவள், கேட்க வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. யோசித்துப் பார்த்தாள், பேசி நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது, செத்துக் கிடந்தால் எத்தனை நாளில் தெரியும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அவளுடைய ஆள் ஜெபமணி வீட்டுக்கு வந்ததற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அவள் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, அன்பான வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தார். சண்முகக்கனி உப்பளத்து எடையில் முப்பது வருஷம் ஏமாற்றுக்காரர்களைப் பார்த்தவள், சும்மாவா. அவர் ஊர் பேரைத்தான் கேட்கக் கூடாது, தன் பேரைக் கேட்பதற்கு என்ன தடை என்று, "எனக்குக் கடன் குடுக்கப் போறியளே, என் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"அன்பான வாடிக்கையாளரே" என்றார் அவர்.

முதல் நாளே தெரிந்துவிட்டது அவளுக்கு. தவசிமுத்து குடோனில் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் அவளுக்குப் பத்து நாள் பழைய செய்தி. ஆனாலும் அந்த முதல் நாள், வேண்டாம், போயிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்தவள், எதிரே ஒரு மனிதர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்தபடி தான் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள். அப்படி ஒருத்தர் அவளுக்காகக் காத்திருந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

சரி என்று சொன்னால் பணத்தோடு போய்விடுவார், வேண்டாம் என்று சொன்னால் வெறுங்கையோடு போய்விடுவார், நாளைக்கு என்று சொன்னால் இருப்பார். இந்தச் சூட்சுமத்தை அவள் தானாகவே கண்டுபிடித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் எழுந்து முகம் கழுவி வரும்போது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சலுகை இன்றோடு முடிகிறது, இன்றே கடைசி நாள் என்பார்.

"நேத்தும் இதத்தான சொன்னிய" என்பாள் சண்முகக்கனி.

"குறைந்த ஆவணங்களே போதுமானது."

"ஆவணத்துக்கு நான் எங்க போவேன், ரேஷன் கார்டே கிழிஞ்சு கிடக்கு. அந்த மனுசன் இருக்கும்போதே பேரு தப்பா விழுந்துட்டு, மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாவ."

"தங்கள் நேரம் எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது."

இந்தக் கடைசி வாக்கியம் சண்முகக்கனிக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல வைப்பதற்காகவே சில நாள் பேச்சை அந்தப் பக்கம் வளைத்துக்கொண்டு போவாள். அவரிடம் இருந்தது மொத்தம் ஒன்பது வாக்கியங்கள், அந்த ஒன்பதையும் வைத்துக்கொண்டு அவள் கொம்பையாவின் இருமலைப் பேசினாள், பிறந்த இருபதாம் நாள் இறந்துபோன பிள்ளையைப் பேசினாள், உப்பின் வெள்ளையில் கண் கூசிக் கூசி இப்போதெல்லாம் வெள்ளை வேட்டி கட்டியவர்களைப் பார்த்தாலே தண்ணீர் வடிவதைப் பேசினாள். கார்த்திகை அன்று வாசலில் பதினொரு விளக்கு வைத்துவிட்டு வந்து, எப்படி இருக்கு என்று கேட்டாள். வட்டி விகிதம் மிகக் குறைவு என்றார். அவள் சிரித்தாள். தனக்குச் சிரிப்புச் சத்தம் வருவதைக் கேட்டு அவளே கொஞ்சம் திகைத்தாள்.

தெருப் பெண்கள் சும்மா விடுவார்களா. "மாமாவுக்குக் காப்பி போட்டாச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். "போங்களா, சோலியத்தவளுவளா" என்று ஏசிவிட்டு வெட்கத்தோடு உள்ளே போவாள். தவசிமுத்து ஒருநாள் குடையோடு வந்து வாசலில் நின்று, "ஏ கனி, சங்கத்துல முடிவு பண்ணது ஒனக்கு மட்டும் தெரியாதோ?" என்று சத்தம் போட்டார்.

"நான் ஒண்ணும் குடுக்கலையே அண்ணாச்சி. அவிய பாட்டுக்கு இருக்காவ."

தவசிமுத்து உள்ளே எட்டி நாற்காலியில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படியே நாற்பது கடைசி நாட்கள் போயின. நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம் அடுத்த வீட்டு மரியசெல்வி வந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண், ஏழு மாதக் கர்ப்பம், புருஷன் தோணியில் வேலைக்குப் போனவன் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். அந்த வார மழையில் அவள் வீட்டின் பின்சுவர் முழுக்கச் சரிந்து, சேலையையும் சாக்கையும் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தாள். அவள் காது மூளியாக இருப்பதைச் சண்முகக்கனி முதலில் கவனிக்கவில்லை. மரியசெல்வி நேரே நாற்காலிக்கு எதிரே போய்த் தரையில் மெல்ல உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மடியில் வைத்தபோதுதான் பார்த்தாள்.

"கம்மல எங்கட்டி?"

"அடகு வச்சிட்டேன்க்கா. எனக்கு ஒரு லட்சம் போதும், சுவர எடுத்துருவேன். பிள்ள பொறக்கதுக்குள்ள சுவரு வேணும்லா. ஃபைல் செலவுக்கு எட்டாயிரத்து ஐநூறுன்னு இவிய அன்னைக்கு ஒங்ககிட்டச் சொன்னத சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டேன்."

"ஏளா, குடோன்ல அண்ணாச்சி அவ்வளவு சொன்னாவளே. நீயும்தான இருந்த?"

"அது மத்த ஆளுவளுக்கு. காசிராஜன் அண்ணன் வீட்டுல இருந்தவன் எட்டே நாள்ல சுருட்டிக்கிட்டுப் போனான். இவிய நாப்பது நாளா ஒங்க வீட்டுல இருக்காவ, ஒரு பைசா எடுக்கல, ஒரு சொல்லு தப்பாச் சொல்லல. கள்ளன்னா இவ்வளவு நாளு இருப்பானா? தெருவுல எல்லாரும் அதான் சொல்லுதாவ. நூத்துல ஒருத்தன் நெசமாத்தான இருப்பான், அது கனியக்கா வீட்டு ஆளுதான்னு."

சண்முகக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் ஒரு காசும் கொடுக்காமல் சாமர்த்தியமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்ததெல்லாம், ஒரு திருடனுக்குத் தன் வீட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்து, இவர் நல்லவர் என்று ஊர் முழுக்கத் தன் பெயரில் ஜாமீன் சொன்னது மாதிரி ஆகியிருந்தது. ஒன்றும் பேசாமல் இருந்தால் பணம் போகும், கம்மல் போகும், அந்தப் பெண் ஈரச் சாக்குக்குள்ளே பிள்ளை பெறுவாள். இது பொய் என்று மட்டும் சொன்னால் போதாது, எப்படித் தெரியும் என்று கேட்பாள், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள். அதைச் சொல்வதுதான் சண்முகக்கனிக்கு ஆகாத காரியம், இந்த முப்பது வருஷத்தில் புருஷன் செத்தபோதுகூட அவள் யாரிடமும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

நாற்காலியில் இருந்தவர் அதற்குள் திரும்பிவிட்டார். நாற்பத்தொரு நாளாகச் சண்முகக்கனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியை லேசாக நகர்த்தி மரியசெல்வியின் பக்கம் முகத்தை வைத்து, முழங்காலில் கைகளை வைத்து, அதே குரலில், அதே கனிவோடு, "அன்பான வாடிக்கையாளரே" என்றார். அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்திருந்தும் சண்முகக்கனிக்குச் சுருக்கென்று வலித்தது.

"ரூவாய மடியில முடி" என்றாள். "இது பொய்யி."

"அக்கா?"

"பொய்யிட்டி. மத்தவன் எப்படியோ இவனும் அப்படித்தான். இவனுக்கு என் பேரே தெரியாது. இவ்வளவு நாளு சோத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல உக்காந்திருக்கான், கேட்டுப் பாரு, தெரியாது. எனக்கு மொத நாளே தெரியும்."

மரியசெல்வி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொத நாளே தெரியும்னா, பின்ன எதுக்கு வச்சிருந்திய?"

சண்முகக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு, "பேச ஆளில்ல" என்றாள். சொல்லிவிட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சின்னதாக இருந்தது. அதனால் இன்னொரு தடவை, "பேச ஆளு இல்லட்டி எனக்கு" என்றாள்.

மரியசெல்விக்குக் கோபம்தான் வந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, மூளிக் காதோடு உட்கார்ந்திருக்கிற பெண். "ஒங்களுக்குப் பேச ஆளில்லன்னு எங்க எல்லாரையும் நம்ப வச்சிட்டியளே" என்று சொல்லி, பணத்தை முடிந்துகொண்டு, தரையில் கை ஊன்றி எழுந்து, மழையிலேயே போனாள். போகிற போக்கில் தெருவில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் போனாள், கனியக்காவுக்கு எல்லாம் தெரியுமாம், பேச ஆளில்லாமத்தான் வச்சிருந்தாவளாம் என்று. கம்மலை அன்றைக்கே மீட்டுவிட்டாள். மகளிர் குழுவில் கேட்டு, நாலு தடவை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு தடவை அலைந்து, மெதுவாக ஒரு கடன் வந்தது, பிள்ளை பிறக்கும்போது சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

சண்முகக்கனி கடைசியாக ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், "எனக்கு வேண்டாம். நீங்க போங்க" என்றாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வீட்டில் தண்ணீர் குடித்தவரைப் பஸ் ஏற்றிவிடுவதுதான் முறை, அவரைத் தனியாக வரப்பில் போகவிட அவளுக்கு மனசு வரவில்லை, கூடவே நடந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் கதவோரத்தில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் நனைந்தாள், அவர் நனையவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்காமல் பின்சீட்டைக் காட்டினார், இந்த மாதிரி ஆட்கள் அவருக்கும் பழகிப்போயிருந்தார்கள். ஜன்னல் வழியே அவர் அவளைப் பார்த்து, "இன்றே கடைசி நாள்" என்றார். நாற்பத்தொரு நாளில் அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

மறுநாள் தண்ணீர் லாரி வருகிற நாள். லாரி நிற்பதும் பஸ் ஸ்டாப்பில்தான். சண்முகக்கனி விடிந்ததும் இரண்டு குடங்களோடு போய், யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஓடைப் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். என்ன கேலி வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள். மழை நின்று மூடாப்பாக இருந்தது. ஒரு கேலியும் வரவில்லை. குடத்தோடு நின்ற பெண்களெல்லாம் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபமணி வந்துகொண்டிருந்தாள், பின்னால் அவள் வீட்டு ஆள். ஊர் முன்னால் வாயைத் திறந்தபடி பேசாமல் இருந்தாரே அதே ஆள், அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள். அவளுக்குப் பின்னால் சுடலைமுத்து, தன் இரண்டு பேரில் ஒருத்தரோடு. அதற்குப் பின்னால் உபதேசியாரின் அக்கா, ஒரு நீலச்சட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக் கால் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாமான் அறையிலும் மச்சிலும் பின்கட்டிலும் வைத்திருந்த ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார்கள், யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர். ஏழு மணி பஸ் வந்ததும் பதினேழு பேரும் வரிசையாக ஏறிப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள், கண்டக்டர் விசில் கொடுக்கப் போனார்.

"ஏ, நில்லுப்பா" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற ஒரு குரல் வந்தது.

தவசிமுத்து குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு நீலச்சட்டையோடு அவசரமாக வந்தார். மழையில்லை, மழை இருந்தாலும் நனையாத ஆள்தான் குடைக்குக் கீழே, ஆனாலும் தவசிமுத்து தன் தலையை விட்டுவிட்டு அவர் தலைக்குத்தான் குடையைப் பிடித்திருந்தார். படியேற்றிவிட்டு, பையை மேலே கொடுத்து, "சரி, பாத்துப் போங்க" என்றார். பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைகிற வரை எல்லாரும் நின்றார்கள். பிறகு ஆட்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் வந்த மாதிரியே ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

தவசிமுத்து மட்டும் போகவில்லை. பாலத்துக் கட்டையில் சண்முகக்கனியை விட்டு நாலடி தள்ளி உட்கார்ந்து, குடையை மடக்கிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

"ஒனக்கு எத்தன நாளு?" என்று கேட்டார்.

"நாப்பத்தொண்ணு அண்ணாச்சி."

"எனக்கு நாப்பத்து மூணு."

சொல்லிவிட்டுக் குடைக் காம்பைத் திருகிக்கொண்டே பஸ் போன ரோட்டைப் பார்த்தார்.

"பகல எப்படியும் ஓட்டிரலாம்" என்றார் தவசிமுத்து, அந்தப் பெரிய தொண்டையில் இருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து அவள் கேட்டதே இல்லை. "விளக்குப் பொருத்துத நேரந்தான் ஒரு மாதிரியா இருக்கும்."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் சண்முகக்கனி. "அந்த நேரந்தான்."

லாரி வந்துவிட்டது. அவள் எழுந்து போய்க் குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்தி வைத்தாள்.